வைகாசிக் கல்யாணத்துக்கு வெல்வெட்டா?

அண்ணன் பெண்ணுக்கு வைகாசியில் திருச்சியில் கல்யாணம். லக்னோவிலிருந்து நாங்கள் மூன்று பேரும் போகிறோம். டிக்கெட் எடுக்கிற வேலை ஒரே நாளில் முடிந்துவிட்டது. மகளுக்கு என்ன துணி என்கிற பஞ்சாயத்துதான் ஆறு வாரமாக ஓடியது. (ரங்கமணிக்கு இந்தக் கவலையே கிடையாது. பட்டு வேட்டி, முடிந்தது கதை. கொடுத்து வைத்த ஜென்மம்!)

மகளுக்கு வயது பதினேழு. போன டிசம்பரில் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் ஒரு மெரூன் வெல்வெட் லெஹங்காவைப் பார்த்தாள். அதிலிருந்து அதே நினைப்பு. இங்கே கல்யாணம் குளிர்காலத்தில், திறந்த புல்வெளியில், ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் களைகட்டும். வெல்வெட்டின் குட்டிக் குட்டி இழைகள் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கதகதப்பாக இருக்கும். இந்த ஊர்க் குளிருக்கு அது புத்திசாலித்தனமான துணி. நம்மூரில் விடிகாலை முகூர்த்தம், ஹோமப் புகை, தலைக்கு மேல் வீடியோக்காரர் லைட். வைகாசித் திருச்சியில் வெல்வெட் என்பது கம்பளி போர்த்திக்கொண்டு அடுப்படியில் உட்காருவது மாதிரி. தவிர, கணக்குப் படித்த புத்தி எனக்கு. ஒரு நாள் போட்டுவிட்டு மடித்து வைத்தால் முதல் வருஷமே நூறு சதவிகிதம் தேய்மானம்!

"சரி, சாட்டின்? ஆர்கன்ஸா?" என்றாள்.

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறோம். சாட்டின் என்பது நூலின் பெயர் இல்லை, நெசவின் பெயர். பட்டிலும் சாட்டின் உண்டு, பாலியஸ்டரிலும் உண்டு. ஆர்கன்ஸாவும் அப்படித்தான். பனாரஸ்காரர்கள் பட்டு ஆர்கன்ஸாவைக் கோரா என்பார்கள். மால்களில் ரெடிமேடாகத் தொங்குவது பெரும்பாலும் பாலியஸ்டர். பட்டு சாதாரணமாகவே தன் எடையில் சுமார் 11 சதவிகிதம் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவிகிதம்கூட வாங்காது. வேர்வை முழுக்க நம் முதுகிலேயே நிற்கும்.

என் பயம் வேர்வை மட்டும் இல்லை. இவள் மணப்பெண்ணுக்குத் தோழி. ஹோமம் முடியும்வரை குண்டத்துக்குப் பக்கத்திலேயே நிற்கப் போகிறாள். பாலியஸ்டரில் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தி, விஸ்கோஸ் ஒட்டாது, ஆனால் சட்டென்று பற்றிக்கொள்ளும். பட்டு மெதுவாக எரியும், நெருப்பை எடுத்துவிட்டால் பெரும்பாலும் தானே அணைந்துவிடும். அதனால் முகூர்த்தத்துக்குக் காஞ்சிப் பட்டுப் பாவாடை, தாவணியும் பட்டு, முந்தியைப் பறக்கவிடாமல் இழுத்துச் செருகிப் பின் குத்தியாக வேண்டும். இதில் பேச்சுக்கே இடமில்லை என்றேன்.

அப்போதுதான் அவள் கேட்டாள்: "நான் தாவணி போட்டாலும் அங்கே எல்லாரும் ஹிந்திக்காரி வந்துட்டான்னுதானேம்மா சொல்லப் போறாங்க? அப்புறம் எதுக்கு வேஷம்?"

சுருக்கென்றது. போன தடவை போனபோது அப்படித்தான் கூப்பிட்டார்கள், விளையாட்டுக்குத்தான். இரண்டு வயதில் இங்கே வந்த பெண். தமிழ் பேசுவாள், "நான் வந்துச்சு" என்று. அவளிடம் பாதுகாப்பு, சதவிகிதம் எல்லாம் பேசி என்ன பிரயோஜனம்? காலையில் நெருப்புக்காக என் பேச்சைக் கேள், சாயங்கால ரிசப்ஷனுக்கு உன் இஷ்டம், நீ லக்னோக்காரியாகவே வா என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சௌக் பஜாருக்குப் போனோம். சிக்கன் வேலை செய்த ஜார்ஜெட் வேண்டும் என்றாள். (கோழி இல்லை, கை எம்பிராய்டரி. ஊரில் எத்தனை தடவை விளக்கியிருப்பேன்!) ஜார்ஜெட்டிலும் மூன்று ஜாதி: பட்டு, விஸ்கோஸ், பாலியஸ்டர். கடைக்காரரிடம் கேட்டு ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பார்த்தேன். முடி கருகும் வாசனை வந்து சாம்பல் நொறுங்கினால் பட்டு. காகிதம் எரிகிற வாசனை என்றால் விஸ்கோஸ். உருகிக் கெட்டி மணியாக உருண்டால் பாலியஸ்டர். எங்களுடையது காகித வாசனை. ரிசப்ஷனில் ஹோமம் கிடையாது, வேர்வையையும் இழுக்கும், விலையும் பட்டு ஜார்ஜெட்டைவிடக் குறைவு. வெள்ளைத் துணியில் பூ வேலை முடித்துப் பிறகு நமக்குப் பிடித்த சாயம் ஏற்றித் தருகிறார்கள். பருத்திக்குப் போடும் சாயத்தை விஸ்கோஸும் பிடித்துக்கொள்ளும், பாலியஸ்டர் வெளுப்பாகவே நின்றுவிடும். மாந்தளிர் நிறம் சொன்னாள். அவளே தேர்ந்தெடுத்தாள், நான் வாயைத் திறக்கவில்லை.

தையல் மாஸ்டர்ஜியிடம்தான் கொஞ்சம் சண்டை. மேல் துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உள்ளே பாலியஸ்டர் லைனிங் போட்டுவிட்டால் எல்லாம் வீண். "அஸ்தர் காட்டன் கா ஹி" என்று மூன்று தடவை சொன்னேன். காட்டன் போட்டால் பளபளப்பாக விழாது என்று முகத்தைச் சுளித்தார். விழாவிட்டால் பரவாயில்லை, குழந்தை மயங்கி விழக்கூடாது என்றதும் சிரித்துவிட்டார்.

சாயம் போட்டு வந்த துணியை மகள் போட்டோ எடுத்துக் கல்யாணப் பெண்ணுக்கு அனுப்பினாள். பத்து நிமிஷத்தில் அங்கிருந்து போன். "அத்தை, எனக்கும் இதே மாதிரி ஒரு புடவை வேணும், கல்யாணத்துக்கு அப்புறம் கட்டிக்க. கலரை அவளையே செலக்ட் பண்ணச் சொல்லுங்க." இவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இந்த வாரம் இரண்டாம் சனி, பேங்க் லீவு. வெயில் ஏறுவதற்குள் மறுபடியும் சௌக் போக வேண்டும்.