அரை லிட்டர் கம்ப்ரஷன்

கோவையில் ஒரு கார் பட்டறையில் வேலைக்கு இருந்தது ஏழே பேர். பத்துப் பேர் இருந்திருந்தால் விஷயம் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யோடு போயிருக்கும், வழக்குக் கட்டு வக்கீலான என் மேசைக்கு வந்திருக்காது.

பையன் ஹெல்பர், வயது 19. குனிந்து பிரேக் டிரம்மைத் துடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்து மேசை மெக்கானிக் ஏர் கன்னை அவன் தலைமுடிக்கு நேராகத் திருப்பி ஓர் அழுத்து அழுத்தினார். தினமும் நடக்கிற கூத்துதான். அன்றைக்கு மேசையில் கிரைண்டர் ஓட்டிய இரும்புத்தூள் கிடந்தது. பையன் நிமிர்ந்து திரும்பவும் தூள் கண்ணில் ஏறவும் சரியாக இருந்தது. இடது கண்ணில் பார்வை போயிற்று.

போலீசுக்குப் போக மாட்டேன் என்றான். "அண்ணன் வேணும்னு பண்ணலீங்க சார். ஸ்பேனர் புடிக்கச் சொல்லிக் குடுத்ததே அவருதானுங்க." எனக்கும் அது சரி என்றே பட்டது. அந்த மெக்கானிக்கிடம் வாங்க என்ன இருக்கிறது? 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டப்படி முதலாளி மேல் தொழிலாளர் துணை ஆணையரிடம் மனுப் போட்டேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். வேலை நேரத்தில் நடந்தால் மட்டும் போதாது, வேலையின் காரணமாகவும் நடந்திருக்க வேண்டும். அடுத்தவன் மேல் காற்று ஊதுவது யாருக்குக் கொடுத்த வேலை என்று கேட்டார். 1951-இல் இங்கிலாந்தில் முடிந்த ஸ்மித் எதிர் கிராஸ்லி வழக்கை நீட்டினார். அங்கேயும் காற்றுக்குழாய், அங்கேயும் தொழில் பழகும் பையன்களின் குறும்பு. முன்கூட்டி ஊகித்திருக்க முடியாது என்று கம்பெனியை விட்டுவிட்டார்கள். ஆனால் அது கவனக்குறைவுக்கு நஷ்டஈடு கேட்ட வழக்கு. நம் சட்டமோ முதலாளியின் தவறைத் தேடுவதே இல்லை. பதிலுக்கு நான் 1920-ஆம் ஆண்டு நியூயார்க் தீர்ப்பை வைத்தேன். பட்டு ஆலையில் ஒரு பையன் விளையாட்டாக இன்னொருவன் மேல் எறிந்த ஆப்பிள், தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த மூன்றாமவன் கண்ணைக் கெடுத்தது. பையன்கள் கூடுகிற இடத்தில் இதுவும் வேலையோடு வருகிற ஆபத்துதான் என்று இழப்பீட்டை உறுதிசெய்தார் நீதிபதி கார்டோசோ.

வெளிநாட்டுத் தீர்ப்பெல்லாம் சபைக்கு அலங்காரம். வழக்கு அசைந்தது முதலாளியின் குறுக்கு விசாரணையில். தன் பட்டறையில் கேலி, விளையாட்டு எதுவும் கிடையாது என்று சத்தியம் செய்திருந்தார்.

"புதுசா சேர்ற பசங்கள அரை லிட்டர் கம்ப்ரஷன் வாங்கிட்டு வரச் சொல்லி ஸ்பேர்ஸ் கடைக்கு அனுப்புவீங்களாமே?"

கம்ப்ரஷன் என்பது என்ஜினுக்குள் ஏறும் அழுத்தம், எந்தக் கடையிலும் கிடைக்காது. மனிதர் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சிரித்துவிட்டார். "அது எல்லாப் பட்டறையிலயும் உள்ளதுதானுங்களே. என்னையும் அப்படித்தான் அனுப்புனாங்க."

"ஏர் கன்ல ஊதுறது?"

"அதுவுந்தானுங்க."

எதிர்த்தரப்பு வக்கீல் கட்டுக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்.

தீர்ப்பு பையன் பக்கம் வந்தது. ஒரு கண் பார்வை போனால் அட்டவணையில் 30 சதவீதம். சம்பளம் 6,000 ரூபாயில் 60 சதவீதம், 19 வயதுக்கான காரணி 225.22, பெருக்கிப் பார்த்தால் 2,43,238 ரூபாய். 12 சதவீத வட்டி தனி. அப்பீல் போவதென்றாலும் முதலாளி முழுத்தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். போகவில்லை.

பணம் கட்டிய அன்று வராண்டாவில் என்னை நிறுத்தினார். "நான் சிரிக்காம இருந்திருந்தா தப்பிச்சிருப்பனுங்களா சார்?"

"இல்லீங்க. இன்னும் ஆறு வாய்தா இழுத்திருக்கும். வட்டி ஏறியிருக்கும்."