செங்கல்பட்டில் ஓர் எஞ்சின் கல்யாணம்

"மாப்ளே, டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தேன். ஆயில் இல்ல... டிகிரி காப்பி!"

1998 மே மாதம். செங்கல்பட்டிலிருந்து என் ஆபீஸுக்கு எஸ்.டி.டி. போட்ட மாமா இப்படித்தான் ஆரம்பித்தார். டீசல் எஞ்சினில் ஆயில் பால் கலந்த காப்பி மாதிரி ஆனால், ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தம். ஹெட் காஸ்கெட் மட்டும் போயிருந்தால் சில்லறைச் செலவு. மாமாவுக்கு அந்த யோகம் இல்லை. எஞ்சின் பிளாக்கிலேயே விரிசல்!

ஜீப் மூஞ்சியும், முதுகில் திறந்த தொட்டியுமாக ஒரு பழைய மஹிந்திரா பிக்கப். மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களிலிருந்து சாமி சிலைகளை ஊர் ஊராகக் கொண்டு போவது மாமாவின் தொழில். பாலாற்றங்கரைக் கிராமம் ஒன்றில் கும்பாபிஷேகம். பிள்ளையாரை ஜலவாசம் வைக்க அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்தாகிவிட்டது. மாமா அட்வான்ஸ் வாங்கி, மகளுக்கு ஸ்கூல் ஃபீஸும் கட்டியாகிவிட்டது.

"பணத்துக்கு என்ன பண்ணப் போறீங்க மாமா?"

"அதுக்குத்தானே மாப்ளே உனக்குப் போன் போட்டேன்!"

பைக் வாங்க ஆபீஸ் சொசைட்டியில் நான் போட்ட லோன் அன்றைக்குத்தான் கைக்கு வந்திருந்தது. மாமாவுக்கு எப்படித்தான் மூக்கில் வியர்த்ததோ!

மறுநாள் பெண் பார்க்கும் படலம். இடம், எழும்பூரை ஒட்டிய புதுப்பேட்டை. மாமா, மேஸ்திரி, பணப் பையோடு நான். கடைக்கு வெளியே எஞ்சின்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"மெட்டடார் எஞ்சின் போடுங்க சார். பென்ஸ்!" என்றார் கடைக்காரர். பொய் இல்லை. மெர்சிடிஸ் பென்ஸின் ஓ.எம். 616 என்ற 2.4 லிட்டர் டீசல் எஞ்சினை, லைசென்ஸ் வாங்கி பஜாஜ் டெம்போ கம்பெனி இங்கேயே தயாரித்தது. மாமா வண்டியில் இருந்ததோ பிரான்ஸின் பிஜோ கம்பெனி டிசைன். எக்ஸ்.டி.பி. 4.90 என்று பெயர். 4 சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம். மொத்தம் 2.1 லிட்டர்.

ஆக, ஜெர்மன் மாப்பிள்ளையா, பிரெஞ்சு மாப்பிள்ளையா? மாமாவுக்கு ஜெர்மன்காரன் மேல் ஒரே மோகம். மேஸ்திரி தலையை ஆட்டினார்.

"உக்கார வெச்சுடலாம் மொதலாளி. ஆனா பெல் ஹவுசிங் சேராது, நடுவுல பிளேட் கடைஞ்சு போடணும். சேசிஸ்ல மவுண்டிங்கை அறுத்து ஒட்டணும். கெழட்டு கியர் பாக்ஸ் அந்த இழுவையைத் தாங்குமா? எல்லாம் பண்ணிட்டு ஆர்.சி. புக்குக்கு என்ன பதில் சொல்வீங்க?"

அதுவும் சரிதான். 1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி எஞ்சின் மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், மாற்றிய 14 நாளுக்குள் தெரிவித்து, ஆர்.சி. புக்கில் திருத்தம் வாங்க வேண்டும். அதே ரக எஞ்சின் என்றால் கேள்வி குறைவு.

ஒரு பிஜோவைத் தரையில் வைத்தே ஓட்டிக் காட்டினார்கள். மேஸ்திரி ஆயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்தார். புகை குபுகுபுவென்று அடித்தால் பிஸ்டன் ரிங் அவுட். அடிக்கவில்லை. அடுத்தது ஜாதகம். எஞ்சின் நம்பரை அரத்தால் ராவியிருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பார்த்து, பில்லும் கேட்டு வாங்கினார். 18,000 ரூபாய். என் பைக் புதுப்பேட்டையிலேயே விடைபெற்றது.

முகூர்த்தம் செங்கல்பட்டில், கொளவாய் ஏரிக் காற்று வரும் ஒரு ஒர்க் ஷாப்பில். புளியமரக் கிளையில் செயின் பிளாக்கைக் கட்டிப் பழையதை இறக்கினார்கள். புதுசு இறங்கியது. கியர் பாக்ஸ் ஷாஃப்ட், கிளட்ச் பிளேட்டின் நட்டநடுவில் போய்ச் சேர வேண்டும். கடைசி அரை அங்குலத்தில் நின்றுவிட்டது.

"போல்ட்டைப் போட்டு இழுத்துடு மேஸ்திரி! ராத்திரி பதினொண்ணு ஆச்சு" என்று மாமா பறந்தார்.

"இழுத்தா ஹவுசிங் காது உடையும். அதுவா போகணும் மொதலாளி."

மேஸ்திரி எஞ்சினை ஒரு நூல் உயர்த்தினார், ஒரு நூல் தாழ்த்தினார். கிராங்கைக் கையால் மெள்ளத் திருப்பினார். ஒரு 'ளொக்'. அவ்வளவுதான்! சம்பந்திகள் சேர்ந்துவிட்டார்கள். அப்புறம் டீசல் லைனில் சிக்கிய காற்றைக் கை பம்பால் அடித்து வெளியேற்றி, ஹீட்டர் போட்டு, செல்ஃப் அடித்ததும் வண்டி இருமிக்கொண்டே எழுந்தது. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "புகை மாப்ளே" என்றார். நம்பினேன்.

ஞாயிறு விடியற்காலை கிளம்பினோம். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர். பாதி வழியில் திருக்கழுக்குன்றம் மலை தலை காட்டியதும் மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒரு கண் மட்டும் டெம்பரேச்சர் முள்ளில்.

மாமல்லபுரத்தில் உளிச் சத்தம் ஏற்கெனவே ஆரம்பமாகியிருந்தது. ஒரு கன அடி கருங்கல் சுமார் 75 கிலோ. பிள்ளையாரோ நல்ல தொந்தி! உருட்டுக் கட்டைகளில் நகர்த்தி, வைக்கோல் மெத்தையில் ஏற்றினார்கள். எஞ்சின் கதையைக் கேட்ட ஸ்தபதி சிரித்தார்.

"உங்களுக்குப் புதுப்பேட்டை இருக்கு தம்பி. எங்களுக்கு ஸ்பேர் ஏது? மூக்குல ஒரு சில்லு போனா சிலையே போச்சு."

1,300 வருஷங்களுக்கு முன்னால் பஞ்ச ரதங்களைப் பாறையிலேயே குடைந்தவர்களுக்கும் இதே கதைதான். அவர்களும் கல்லை அவசரப்படுத்தியிருக்க முடியாது. புளியமரத்தடி மேஸ்திரி ஞாபகம் வந்தது. வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தாண்டும்போது மாமா முணுமுணுத்தார்: "இதை ஏத்தணும்னா ஜெர்மன்காரன்தான் வேணும்."

திரும்பும்போது, திருக்கழுக்குன்றத்தில் முள் ஏறியது. எனக்கு வயிற்றில் புளி கரைந்தது. 18,000 ரூபாய், மாமா மானம், பிள்ளையார் மூன்றும் ஒரே வண்டியில்! மாமா, "விநாயகா, நூத்தியெட்டு தேங்காய்!" என்று அலறினார்.

"பின்னாலதான் மாமா உக்காந்திருக்கார், மெதுவாவே சொல்லுங்க."

பானெட்டைத் திறந்தால், புது ஃபேன் பெல்ட் தளர்ந்திருந்தது. கொதிக்கும் ரேடியேட்டர் மூடியில் கை வைக்காமல் அரை மணி நேரம் காத்திருந்து, டைனமோவை நெம்பி பெல்ட்டை இறுக்கினோம். டீக்கடைத் தண்ணீரை ஊற்றினோம். முள் இறங்கியது. சாயங்காலத்துக்குள் பிள்ளையார் ஊர் போய்ச் சேர்ந்தார். 14 நாளுக்குள் ஆர்.சி. புக்கிலும் புது நம்பர் ஏறியது. மாமா தவணை முறையில் கடனை அடைக்க, என் பைக் 2001-ல் வந்தது.

2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. அதே வருஷம், கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டும் கண்டிப்பாகச் சொன்னது. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் எஞ்சினை கம்ப்யூட்டரே நடத்துகிறது. புளியமரமும் செயின் பிளாக்கும் மட்டும் போதாது.

போன வாரம் மாமாவிடம், "அன்னிக்கு மேஸ்திரி சொன்னதுதான் மாமா சரி" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "இருந்தாலும் மாப்ளே, அந்த ஜெர்மன்காரனை ஒரு தடவை போட்டுப் பார்த்திருக்கலாம்!"