படகுத்துறையில் கால் தவறினால்

'மெரினா' என்ற சொல் காதில் விழுந்ததும் நம் மக்களின் நினைவுக்கு வருவது சென்னைக் கடற்கரையே. 1881 முதல் 1886 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராயிருந்த கிராண்ட் டஃப் என்பார், சிசிலித் தீவில் தாம் கண்ட கடற்கரையின் நினைவாக அந்த மணற்பரப்புக்கு அப்பெயரைச் சூட்டினார். ஆயினும் அங்கே கட்டுமரத்தை மணலில் இழுத்துப் போடலாமேயன்றி, படகை நீரில் கட்டி நிறுத்த இயலாது. இன்று பிற நாடுகளில் மெரினா என்றால் பொருளே வேறு. அலை அடங்கிய நீரில், சிறு படகுகளும் பாய்மரப் படகுகளும் வரிசையாகக் கட்டப்பட்டு, குடிநீரும் மின்சாரமும் கரையிலிருந்து பெற்றுக்கொண்டு தங்கும் துறைக்கே அப்பெயர். நம் நாட்டில் அத்தகைய துறையைக் காண விரும்புவோர் கொச்சிக்குச் செல்ல வேண்டும்.

எங்கள் பங்கு மக்கள் முப்பத்தெட்டுப் பேருடன் 2024ஆம் ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில் வல்லார்பாடத்துக்குத் திருயாத்திரை சென்றிருந்தோம். எங்கள் ஊர் கரிசல் காட்டு ஊர். கண்மாயும் கிணறுமே நாங்கள் அறிந்த நீர்நிலைகள். எர்ணாகுளம் நகரிலிருந்து மேற்கே திரும்பி, கோஸ்ரீ பாலங்களின் மீது பேருந்து ஏறியதும் வாகனத்தில் பேச்சு நின்றுபோயிற்று. இருபுறமும் நீர். கண்ணுக்கெட்டிய தூரம் வரை நீர். அதன் நடுவே பெருங்கப்பல்களின் சரக்குப் பெட்டிகளைத் தூக்கும் பாரந்தூக்கிகள் ஒட்டகச்சிவிங்கிகளைப்போல் நின்றன. 2004ஆம் ஆண்டு இப்பாலங்கள் திறக்கப்படும் வரையில், இத்தீவு மக்கள் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் படகில்தான் சென்று வந்தார்கள்.

பாலத்தின் வழியில் முதலில் வருவது போல்காட்டித் தீவு. 1744ஆம் ஆண்டு டச்சுக்காரர் கட்டிய மாளிகை ஒன்று அங்கே மரங்களுக்கிடையே நிற்கிறது. பின்னாளில் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதி அதில் வசித்தார். இன்று அது கேரள அரசின் சுற்றுலாத் துறையினர் நடத்தும் விடுதி. அதையொட்டித்தான் மெரினா. பாய் சுருட்டிய படகுகளை எங்கள் இளைஞர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். அடுத்த பாலத்தைக் கடந்தால் வல்லார்பாடம்.

மீட்பின் அன்னையின் திருத்தலம் அது. முதல் ஆலயத்தைப் போர்த்துக்கீசியர் 1524இல் எழுப்பினர் என்றும், 1676இல் பெருவெள்ளம் அதைக் கொண்டுபோக, காயலில் மிதந்த அன்னையின் திருப்படத்தைக் கொச்சி மன்னரின் அமைச்சரான பாலியத்து அச்சன் எடுத்துக் கொடுத்து, புதிய ஆலயத்துக்கு நிலமும் அளித்தார் என்றும் சொல்கிறார்கள். இந்து சமயத்தைச் சார்ந்த அந்த அமைச்சர் அன்று ஏற்றிவைத்த விளக்கு இன்றும் அணையாமல் காக்கப்படுகிறது. 2004இல் இவ்வாலயம் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது.

ஆனால் அங்கே செல்வோர் யாவரும் முதலில் கேட்பது மீனாட்சியம்மாளின் கதையையே. 1752ஆம் ஆண்டு மே மாதம், அவ்வூர் நாயர் குலத்துப் பெண்மணி ஒருவர் தம் கைக்குழந்தையுடன் மட்டாஞ்சேரிக்குப் படகேறினார். நடுக்காயலில் புயல் வந்து படகு கவிழ்ந்தது. அன்னையை அவர் கூவி வேண்டினார் என்றும், மூன்றாம் நாள் மீனவரின் வலை தாயையும் சேயையும் உயிருடன் கரை சேர்த்தது என்றும் மரபு கூறுகிறது. பின்னர் அவர் தம் வாழ்நாள் முழுவதும் ஆலய முற்றத்தைப் பெருக்கும் பணியில் கழித்தாராம். இன்றும் துடைப்பம் கொண்டு அம்முற்றத்தைப் பெருக்குவது அங்கே நேர்த்திக்கடன். எங்கள் பங்குப் பெண்களும் பெருக்கினார்கள். ஏற்கெனவே பன்முறை பெருக்கப்பட்ட முற்றத்தில் தூசி எங்கே இருக்கப்போகிறது? இருந்தும் பெருக்கினார்கள்.

திருப்பலிக்குப் பின் தீவுகளைச் சுற்றிப் பார்க்க ஒரு தனியார் படகை அமர்த்திக்கொண்டோம். இரண்டு மணி நேரம் இனிதே கழிந்தது. பருவமழை ஓய்ந்திருந்தாலும் காயல் இன்னும் கலங்கியிருந்தது. மழைக்காலத்தில் பெரியாறும் தெற்கேயுள்ள ஆறுகளும் கொண்டுவந்து கொட்டும் நீர், கொச்சி முகத்துவாரத்தின் வழியாகவே பெரும்பாலும் கடலைச் சேர வேண்டும். அப்போது காயல் நீர் உப்புத்தன்மை இழந்து ஏறக்குறைய நன்னீராகிவிடுகிறது. அதனால்தான் ஆகாயத்தாமரை தீவு தீவாக மிதந்து வருகிறது. கடல் வற்றும் வேளையில் நீரின் இழுப்பும் கடுமையாகிறது. மேற்பரப்பைப் பார்த்தால் இது தெரியாது. குளம் போல் அடக்கமாக இருக்கும்.

விபத்து நடந்தது நடுக்காயலில் அன்று, கரையில். இறங்க வேண்டிய சிறு துறை கான்கிரீட்டால் ஆனது. துறையின் பெயர் இங்கே வேண்டா. நீர் வற்றியிருந்த நேரமாதலால் துறையின் மேல்விளிம்பு நீர்மட்டத்திலிருந்து மார்பளவு உயரத்தில் இருந்தது. எங்கள் உபதேசியார் ஒரு காலைத் துறையின் படியில் ஊன்றி, மறு காலைப் படகின் விளிம்பிலிருந்து எடுக்கும் வேளையில், அவர் உந்திய உந்தலுக்கே படகு பின்னால் நகர்ந்தது. கால்கள் அகன்றன. தோளில் பையோடு, வெள்ளை வேட்டியோடு, அறுபத்து மூன்று வயது மனிதர் படகுக்கும் துறைக்கும் இடையே நீரில் மறைந்தார்.

அவர் நீச்சல் அறியாதவர் அல்லர். எங்கள் ஊர்ப் பெரிய கிணற்றில் மேலிருந்து குதித்துத் தரை மண்ணை அள்ளிவந்த வீரர் என்று இளமைக் காலத்தில் பெயர் பெற்றவர். ஆகவே தலை வெளியே வந்ததும் எங்களில் சிலர் சிரித்தும்விட்டார்கள். அந்தச் சிரிப்பு அரை நிமிடங்கூட நீடிக்கவில்லை.

கிணற்றில் படிக்கட்டு உண்டு. துறையில் அவர் கண்முன் இருந்தது செங்குத்தான சுவர் ஒன்றே. நீர் ஏறி இறங்கும் அளவுக்கு அதன்மேல் பாசி. பாசிக்கடியில் கத்தி போன்ற சிப்பிகள். அவர் எம்பி விளிம்பைப் பற்றினார், முழங்கை வரை ஏறினார், வழுக்கி விழுந்தார். மீண்டும் எம்பினார். மூன்றாம் முறை விரல்கள் மட்டுமே விளிம்பைத் தொட்டன. வேட்டி அவிழ்ந்து கால்களில் சுற்றிக்கொண்டது. படகோ அசைந்து அசைந்து மீண்டும் துறையை நோக்கி வந்துகொண்டிருந்தது. நீந்தத் தெரிந்தவர்கள் துறைகளில் மாண்டுபோவது இப்படித்தான் என்பதை அங்கே கண்ணால் கண்டோம். நீரில் மிதப்பது ஒரு வித்தை. நீரிலிருந்து வெளியேறுவது முற்றிலும் வேறொரு வித்தை. நனைந்த உடையின் பாரத்தோடு, காலுக்குப் பிடிப்பின்றி, கைகளின் வலுவால் மட்டும் தம் உடலை மேலே தூக்குவது வாலிபருக்கே அரிது. ஒவ்வொரு முயற்சியும் அடுத்த முயற்சிக்கு வேண்டிய பலத்தைத் தின்றுவிடுகிறது.

அப்போது படகோட்டி ஒரு சொல்லைக் கூவினார். "மலர்ந்நு கிடக்கு!" மலையாளந்தான், ஆயினும் மல்லாந்து கிட என்பதை நம்மவருக்கு மொழிபெயர்க்க வேண்டியதில்லை. உபதேசியாரின் துணைவியார் விளிம்பில் மண்டியிட்டு, "ஏங்க, ஏற வேண்டாங்க, சும்மா மல்லாந்து கிடங்க" என்று குரல் நடுங்காமல் சொன்னார். மனிதர் கேட்டார். தலையைப் பின்னே சாய்த்து, காது வரை நீரில் விட்டு, கைகளை விரித்துக் கிடந்தார். மூச்சு வாங்குவது மெல்ல அடங்கிற்று.

இதற்குள் எங்கள் இளைஞர் ஒருவர் சட்டையைக் கழற்றிவிட்டார். "உபதேசியாரையா, இதோ வந்துட்டேன்" என்று குதிக்கப் போனவரை, துறையில் மீன்கூடையோடு நின்ற ஒரு மூதாட்டி கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் பேசியது முழுவதும் எங்களுக்கு விளங்கவில்லை. விரல்கள் இரண்டைக் காட்டித் தலையசைத்ததில் யாவும் விளங்கிற்று. இருவர் நீரில் இருந்தால் இருவரைத் தூக்க வேண்டும். படகோட்டி எஞ்சினை நிறுத்திவிட்டு, படகைத் துறையினின்று தள்ளிப் பிடித்துக்கொண்டார். அம்மூதாட்டி படகிலிருந்த நீண்ட கோலை வாங்கி உபதேசியாரின் பக்கம் நீட்டி, அவர் பற்றிக்கொண்டதும், இழுத்துத் தூக்காமல், துறையின் ஓரமாகவே மெல்ல நடத்திச் சென்றார். முப்பதடி தள்ளி, கட்டிக்கிடந்த வேறொரு படகின் மறைவில் இரும்பு ஏணி ஒன்று இருந்தது! நாங்கள் எவரும் அதைக் காணவில்லை. நீரில் கிடந்தவருக்கு அது தெரிய வழியே இல்லை.

ஏணியின் கீழ்ப்படிகள் துருப்பிடித்து உதிர்ந்திருந்தன. எஞ்சிய முதற்படி நீருக்கு மேலே நின்றது. தளர்ந்த மனிதர் நீருக்குள்ளிருந்து காலை அவ்வளவு உயரம் தூக்க முடியுமா? படகோட்டி கயிற்றின் நுனியில் ஒரு சுருக்கு வளையமிட்டு, மறு நுனியை மேலே கட்டி, வளையத்தை நீருக்குள் தொங்கவிட்டார். அதில் கால் வைத்து ஏறி உபதேசியார் ஏணியைப் பற்றினார்; மேலிருந்து இருவர் அக்குள்களில் கைகொடுத்தார்கள். மணிக்கட்டைப் பிடித்து இழுக்கக் கூடாதென்றும், அது தோளை விலக்கிவிடுமென்றும் படகோட்டி எச்சரித்தார். எல்லாம் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்திருக்கும். அந்த ஐந்து நிமிடத்தில் எங்கள் பெண்கள் எத்தனை அருள்நிறை மந்திரம் சொன்னார்கள் என்பதற்குக் கணக்கில்லை.

அன்று மாலை மருத்துவரிடம் காட்டினோம். சிப்பி கீறிய காயங்களைக் கழுவிக் கட்டினார். கலங்கிய நீரில் விழுந்தது பற்றிக் கேட்டதும், பத்துப் பதினைந்து நாட்களுக்குள் காய்ச்சலோ தசைவலியோ வந்தால் எந்த மருத்துவரிடமும் இந்த நீரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும் என்றார். கேரளத்தில் மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் பரவுவது இத்தகைய நீராலும் காயங்களாலும்தான். நீரை உள்ளிழுத்தவருக்கு இருமல் அடங்காவிட்டாலோ, மூச்சுத் திணறினாலோ இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்குக் கொண்டுவரச் சொன்னார். அவரைத் தனியே உறங்கவிட வேண்டாம் என்றும் சொன்னார். அந்தக் கடைசிக் கட்டளை உபதேசியாருக்குப் பிடிக்கவில்லை, துணைவியாருக்குப் பிடித்தது.

படகோட்டி பிறகு சொன்ன செய்தி ஒன்று எங்களுக்குப் புதிது. பெரிய படகுகள் கரையிலிருந்து மின்சாரம் பெறும் துறைகளில், விளையாட்டுக்காகக்கூட எவரும் நீந்தக் கூடாதாம். கம்பியில் சிறு பழுது இருந்தாலும் மின்சாரம் நீரில் கசியும். உப்புநீர் மனித உடலைவிட எளிதாக மின்சாரத்தைக் கடத்துவதால் அது பெரும்பாலும் உடலைச் சுற்றிப் போய்விடும். நன்னீரிலோ உடலே எளிய வழியாகிறது. கை கால் மரத்து, கத்தவும் இயலாமல் மனிதர் மூழ்குவர். மழைக்காலத்துக் காயல் எத்தகையது என்பதை மேலே கூறினோம். அத்தகைய இடத்தில் ஒருவர் விழுந்தால், முதலில் கரையிலுள்ள மின்விசையை அணைக்கச் சொல்ல வேண்டும், பிறகே மற்றவை.

மறுநாள் கொச்சியின் நீர் மெட்ரோவில் பயணம் செய்தோம். 2023 ஏப்ரலில் தொடங்கிய இப்படகுச் சேவையில் படகுகள் மின்கலத்தால் ஓடுகின்றன. ஆனால் உபதேசியாரின் கண் படகில் இல்லை. இறங்குதளத்தையே கூர்ந்து நோக்கினார். அது நீரோடு ஏறி நீரோடு இறங்கும் மிதவைத் தளம். ஆகவே கடல் ஏறினாலும் வற்றினாலும் படகின் தரையும் தளமும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. காலை அகட்டித் தாண்ட வேண்டிய தேவையில்லை. "சாமி, நேத்து இப்படி ஒண்ணு இருந்திருந்தா என் வேட்டி பிழைச்சிருக்கும்" என்றார்.

குமரகத்தில் 2002ஆம் ஆண்டு ஜூலை மாதம் இதே வேம்பநாட்டுக் காயலில் படகு கவிழ்ந்து இருபத்தொன்பது பேர் மாண்டதை உடன் வந்த பயணி ஒருவர் நினைவுகூர்ந்தபோது, எங்கள் இளைஞர்கள் தாமாகவே உயிர்காப்புச் சட்டைகள் எங்கே இருக்கின்றன என்று பார்க்கத் தொடங்கினார்கள்.

ஊர் திரும்பிய வாரத்தில் பங்குப் பேரவை கூடிற்று. ஆலய வளாகத்துக் கிணற்றின் படிக்கற்கள் பெயர்ந்து நெடுநாளாயிற்று. கோடை விடுமுறையில் சிறுவர்கள் அதில் இறங்குவதும் உண்டு. இரும்பு ஏணி ஒன்று பொருத்துவதென்று தீர்மானித்து, பட்டறைக்காரரை வரவழைத்தோம். அவர் வழக்கம்போல் நீர்மட்டம் வரை அளவெடுத்தார். உபதேசியார் சம்மதிக்கவில்லை. கோடையில் தண்ணீர் எவ்வளவு தாழும் என்று கேட்டு, அதற்கும் கீழே மூன்று படிகள் நீருக்குள் இருக்க வேண்டுமென்று அடம்பிடித்தார். கூடுதல் இரும்புக்கு ஆகும் பணத்தைத் தாமே தந்துவிட்டார்.