தொட்டியில் ஒரு பேரீச்சங்கன்று

அம்பத்தூரில் எங்கள் வீட்டுப் பால்கனியில், ஒரு தொட்டியில் பேரீச்சங்கன்று வளர்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ரமலானில், நோன்பு திறந்த பழத்தின் கொட்டையை என் மகள் ஈரமண்ணில் புதைத்துவைத்தாள். முதலில் புல்லைப் போல ஒற்றை இலைதான் வந்தது. இப்போது அது அவளுடைய இடுப்புயரம்.

கடந்த டிசம்பரில் எதிர்வீட்டு வாசலில் நட்சத்திர விளக்கு ஏறியது. அன்று மாலையே, குடும்பத் திருமணம் ஒன்றில் மீந்த சீரியல் விளக்கை எடுத்துவந்து அவள் கன்றின்மேல் சுற்றினாள். நான் கண்டிப்புடன், “இது நம் வழக்கமன்று, கழற்று” என்றேன். மறுபேச்சின்றிக் கழற்றினாள். சுருட்டிய ஒயரைக் கையில் வைத்தபடி, “அப்படியானால் நம் வீட்டில் எப்போது விளக்குப் போடுவோம், அத்தா?” என்று கேட்டாள்.

என்னிடம் விடை இல்லை. எது நமதன்று என்று அவளுக்குச் சொல்லத் தெரிந்த எனக்கு, எது நமது என்று காட்டத் தெரியவில்லை.

அன்றிரவு என் சிறுவயது நினைவுக்கு வந்தது. 2000-ஆம் ஆண்டில் ரமலான், டிசம்பர் மாதத்தில் அமைந்தது. அப்போது நாங்கள் ஆவடியில் குடியிருந்தோம். கிறிஸ்துமஸ் அன்று பகலில் பக்கத்துவீட்டு அம்மா கேக் தட்டுடன் எங்கள் வாசல்வரை வந்தார். நாங்கள் நோன்பாளிகள் என்பது நினைவுக்கு வரவே, அப்படியே திரும்பிவிட்டார். மஃரிப் பாங்கு ஒலித்த பின்னர்தான் அந்தத் தட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. என் தாயார் பதிலுக்குத் தூக்குச்சட்டியில் நோன்புக்கஞ்சி அனுப்பினார். எங்கள் வீட்டில் நட்சத்திரம் தொங்கவில்லை. அவர்கள் வீட்டில் எவரும் நோன்பு நோற்கவில்லை. ஆயினும் அந்தத் தட்டு எங்களுக்காக மாலைவரை காத்திருந்தது.

மறுநாள் மகளைக் கன்றின் அருகே அமரவைத்து, திருக்குர்ஆனின் 19-ஆம் அத்தியாயமான மர்யம் கூறும் நிகழ்வைச் சொன்னேன். பிரசவ வேதனை மர்யம் (அலை) அவர்களை ஒரு பேரீச்சமரத்தின் அடிக்குக் கொண்டுவந்தது. தனிமையில் கலங்கிய அவர்களுக்குக் கீழே நீரோடையையும், மரத்தை உலுக்கினால் உதிரும் கனிந்த பழங்களையும் அல்லாஹ் அருளினான். ஈஸா (அலை) நமக்கும் நபி என்றும், அவர்களை இறைமகன் என நாம் ஏற்பதில்லை என்றும், அதனால் அந்தப் பண்டிகையை நாம் கொண்டாடுவதில்லை என்றும் விளக்கினேன். அவள் ஓலையைத் தொட்டுப் பார்த்து, “இந்த மரமா?” என்றாள். “இதே இனம்” என்றேன். முந்தைய நாள் நான் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். காரணம் சொல்லாமல் தடுத்தது என் பிழை என்று அவளிடமே ஒப்புக்கொண்டேன்.

பிறகு இருவருமாக ஒரு முடிவுக்கு வந்தோம். ரமலான் பிறை தென்படும் இரவில் அந்த விளக்கைக் கன்றின்மேல் சுற்றுவோம். அது வணக்கமன்று; விருந்தாளியை வரவேற்கும் மகிழ்ச்சி மட்டுமே. செடிக்கும் இருள் வேண்டும் என்பதால் தராவீஹ் முடிந்ததும் அணைத்துவிடுவோம்.

2030 டிசம்பரின் இறுதியில், கிறிஸ்துமஸை ஒட்டி, ரமலான் மீண்டும் தொடங்கும். அன்று எதிர்வீட்டில் நட்சத்திரமும் நம் வீட்டில் பேரீச்சங்கன்றும் அருகருகே ஒளிரக்கூடும். அப்போது அவர்கள் தட்டு நமக்காக மஃரிப்வரை காத்திருக்குமா என்பது, இன்று நாம் அவர்களிடம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. இன்ஷா அல்லாஹ், நம் நோன்புக்கஞ்சி முந்திக்கொள்ளட்டும்.