பாட்டு கேட்டது, பறவை தெரியவில்லை

சோலைக்கிளி என்றால் பச்சைக்கிளிதான் ஞாபகத்துக்கு வரும். எனக்கும் அப்படித்தான். ஆனால், மலையாளத்தில் சின்னப் பறவை எல்லாமே 'கிளி'தான். கொடைக்கானலில் நான் தேடிப்போன சோலைக்கிளி, குருவி சைஸில் இருக்கும். முதுகும் மார்பும் கருநீலம், வயிறு வெள்ளை. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான சோலைக்காடுகளைத் தாண்டி உலகில் வேறெங்கும் இந்த வகைப் பறவை கிடையாது.

அறிவியலாளர்களுக்கும் இது ரொம்ப நாள் குழப்பம்தான். வேறு ஆசியப் பறவைகளோடு மாற்றி மாற்றிச் சேர்த்து வைத்திருந்தார்கள். 2017-ல்தான் வி.வி.ராபின் குழுவினர் மரபணுவை ஆராய்ந்து, இது தனிப் பேரினம் என்று சொல்லி 'ஷோலிகோலா' எனப் பெயர் வைத்தார்கள். சோலையில் வசிப்பது என்று அர்த்தம். நம்ம சோலை, அறிவியல் பெயருக்குள் போய் உட்கார்ந்துவிட்டது!

பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, நீலகிரியில் இருப்பது வேறு இனம். அதற்கு வயிற்றின் ஓரம் செம்பழுப்பாக இருக்கும். நடுவில் இருக்கும் சூடான தாழ்நிலத்தை இவை கடப்பதில்லை. மலை உச்சிகள்தான் இவற்றுக்குத் தீவு, சமவெளிதான் கடல். அந்தத் தீவுக்குள்ளும் சோலைகள் திட்டுத் திட்டாக மலை மடிப்புகளில்தான் இருக்கின்றன. சுற்றியிருந்த புல்வெளியில் பெரும்பகுதியை வாட்டில் போன்ற வெளிநாட்டு மரங்கள் பிடித்துவிட்டன.

விடிவதற்கு முன்பே போய்விட்டோம். ஓடைப் பக்கம், இருட்டுப் புதருக்குள்ளிருந்து மெல்லிய விசில். நிறுத்தி, யோசித்து, மறுபடி ஆரம்பிப்பது மாதிரி. ஆள் மட்டும் வெளியே வரவில்லை.

கூட வந்த வழிகாட்டி போனை எடுத்தார். "பாட்டைப் போடட்டுமா மேடம்? உடனே வந்துடும்."

வரும்தான். தன் எல்லைக்குள் வேறொரு ஆண் நுழைந்துவிட்டது என்று நினைத்துச் சண்டைக்கு வரும். நாம் 'போஸ் குடுக்குது' என்று ஷேர் பண்ணுவோம். பூச்சி பிடிக்க வேண்டிய நேரத்தை, குஞ்சுகளுக்கு ஊட்ட வேண்டிய நேரத்தை அது இல்லாத எதிரிக்காகச் செலவழிக்கும். ஒரு நாள் ஒருவர் என்றால் பரவாயில்லை. சாலையோரச் சோலைக்கு வார இறுதியில் எத்தனை கார் வரும்? வெறுத்துப்போய் இடம் மாறலாம் என்றாலும் பக்கத்தில் இன்னொரு சோலை இருக்க வேண்டுமே.

"வேண்டாம்ணா" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பறவை தெரியலைன்னா சில பேர் காசைக் குறைச்சிடுறாங்க மேடம்" என்று மட்டும் சொன்னார். பேசிய தொகைக்கு மேல் 200 ரூபாய் சேர்த்துக் கொடுத்தேன். அதற்குள் அட்டை என் காலில் மூன்று இடத்தில் கடித்திருந்தது, அது வேறு கதை.

ஆபீஸில் வீடியோ கேட்டார்கள். இருந்தது 40 விநாடி ஒலிப்பதிவுதான். "அதையாவது போடு" என்றார்கள். போடவில்லை. யாராவது அதையே சோலைக்குள் கொண்டுபோய் ஓடவிடுவார்கள். இணையத்தில் ஏற்கெனவே கிடைப்பதே போதும்.

எந்தச் சோலை என்று மெசேஜில் கேட்காதீர்கள், ப்ளீஸ்.