தந்தையார் நடந்த பாலம்

பெருங்குடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் பறக்கும் ரயில் போவது தெரியும். 2007ஆம் ஆண்டில் திருமயிலையிலிருந்து வேளச்சேரிவரை நீட்டப்பட்ட இப்பாதை, வழியில் பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே தூண்களை ஊன்றிக்கொண்டு வந்து, சதுப்பு நிலத்தருகே எங்கள் ஊரைத் தொடுகிறது. நிலையம்கூட அந்தரத்தில்தான் நிற்கிறது. ஆனால் எங்கள் தந்தையார் இதைப் பாலம் என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. "தண்ணிக்கு மேல போனாத்தான் பாலம். இது உசரமான திண்ணை" என்பார்.

அவர் அப்படிச் சொல்வதற்கு உரிமை உள்ளவர். முப்பத்தைந்து ஆண்டுகள் பாம்பன் பாலத்தின்மேல் நடந்தவர். 1964 புயலுக்குப் பின் தற்காலிகக் கூலியாகச் சேர்ந்து, கேங்மேனாக நிரந்தரம் பெற்று, 2000ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். தாயார் இறைவனடி சேர்ந்தபின், பிள்ளைகளாகிய எங்கள் மூவரிடம் வந்துவிட்டார். 2022 டிசம்பரில் அப்பாலத்தில் ரயில் போக்குவரத்து அடியோடு நிறுத்தப்பட்ட செய்தியைத் தொலைக்காட்சியில் கண்டபோது ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். 2025 ஏப்ரல் 6ஆம் நாள் புதிய பாலம் திறக்கப்பட்டு, அன்றே தாம்பரத்திலிருந்து இராமேசுவரத்திற்கு ஒரு புதிய வண்டியும் விடப்பட்டதும், "ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க" என்றார். எண்பத்துமூன்று வயதில் அவர் எங்களிடம் கேட்ட முதல் வேண்டுகோள் அது என்று நினைக்கிறோம்.

பாம்பன் பாலத்தைப் பற்றி வாசகர்கள் அறிந்திருப்பீர்கள். 1914 பிப்ரவரி 24ஆம் நாள் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளத்தில் 145 கண்கள். நடுவே கப்பலுக்கு வழிவிடும் தூக்குப்பாலம். அதன்வழியே தனுஷ்கோடிவரை சென்ற போட் மெயிலில் ஏறி, அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னார் சேர்ந்து, மீண்டும் ரயிலேறிக் கொழும்புக்குப் போய்விடலாம். சென்னையில் வாங்கும் ஒரே பயணச்சீட்டு கொழும்புவரை செல்லுபடியான காலம் அது.

தூக்குப்பாலத்தை வடிவமைத்த ஷெர்சரை ஜெர்மானியர் என்று எழுதுவோர் பலர். அவர் சிகாகோ நகரத்துப் பொறியாளர். பாம்பனில் வேலை தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1893இல், இளம் வயதில் மறைந்தவர். இந்தத் திட்டு எங்கே இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவருடைய உத்தி எளிமையானது. பாலத்தின் இரு பாதிகளும் சாய்வு நாற்காலிபோல் வளைந்த அடிப்பாகத்தின்மேல் பின்னோக்கி உருளும். எடைக்கு எடை வைத்துச் சமன் செய்திருப்பதால், அத்தனை டன் இரும்பையும் சில ஆட்கள் நெம்புகோல்களைத் தள்ளிச் சுற்றியே தூக்கிவிடுவார்கள். சிறுவயதில் அதைக் கரையில் நின்று பார்த்திருக்கிறோம். ஆட்கள் செக்கு மாடுகளைப்போல் சுற்றிச் சுற்றி வருவார்கள். இரும்பு அசைவதே தெரியாது. திடீரென்று இரு கைகளும் வானை நோக்கி விரிந்திருக்கும்.

புயலைப் பற்றி ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். 1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களோடு கடலில் மூழ்கிய பயணிகள் வண்டி, இப்பாலத்திலிருந்து கவிழ்ந்ததாக இன்றும் சிலர் எழுதுகின்றனர். அது தவறு. வண்டி பாம்பனைக் கடந்து, தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்தபோது பேரலைக்கு இரையாயிற்று. தனுஷ்கோடியும் அழிந்தது. பவளப்பாறைக் கல்லால் கட்டிய தேவாலயத்தின் கூரையற்ற சுவர்கள் அங்கே இன்றும் நிற்கின்றன. அந்தத் தண்டவாளம் பின்னர் போடப்படவே இல்லை. பாலத்திலோ 126 கண்களின் தூலங்கள் கடலில் விழுந்தன; தூக்குப்பாலம் தப்பியது. சீரமைக்க ஆறு மாதம் என்றார்கள். மூன்று மாதம் என்று குறைத்தார்கள். பொறுப்பேற்ற இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன் 46 நாள்களில் முடித்தார். விழுந்த தூலங்களைக் கடலிலிருந்தே மீட்டுப் பயன்படுத்தினார்கள். அவற்றுக்குச் சங்கிலி மாட்டிய கலாசிகளுக்குக் கூடைக்கல் சுமந்தவர்களில் எங்கள் தந்தையாரும் ஒருவர்.

அதன்பின் அவருடைய வாழ்க்கை உப்போடு நடந்த வழக்கு என்றே சொல்லலாம். உலகில் இரும்பை மிக விரைவாக அரிக்கும் சூழல்களுள் பாம்பனும் ஒன்று என்பர். கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டி, சிவப்பு ஈயம் பூசி, வண்ணம் பூசிக்கொண்டே மறுகரை போய்ச் சேர்வதற்குள், தொடங்கிய முனையில் மீண்டும் துரு பூத்திருக்கும். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானே சிவப்பாகி வண்டி நின்றுவிடும். ஆட்களுக்கு அப்படியொரு சிக்னல் கிடையாது.

தாம்பரத்தில் மாலையில் ஏறினோம். விடியுமுன் புதிய பாலத்தை இருட்டிலேயே கடந்துவிட்டோம். எங்களுக்கு ஏமாற்றம், தந்தையாருக்கு அப்படித் தெரியவில்லை. காலையில் ஆட்டோ பிடித்து, 1988இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தின்மேல் கொண்டுபோய் நிறுத்தினோம். கீழே பழையதும் புதியதும் பக்கம் பக்கமாகக் கிடந்தன. புதியதன் நடுக்கண் 72 மீட்டருக்கும் அதிகம். மின்விசையால் நேராக மேலெழும்பி 17 மீட்டர் உயரும். பழையது பழுப்பேறி, வண்டி எதுவும் வராத தண்டவாளத்தோடு இருந்தது. அதைப் பிரித்தெடுக்கும் பேச்சு அப்போதே அடிபட்டது. இதை நினைவுச்சின்னமாகக் காக்க வேண்டும் என்று நாங்கள் மூவரும் மாறி மாறிப் பேசினோம். சென்னையில் உட்கார்ந்து பேசுபவர்களுக்கு அது எளிது.

அவர் எங்கள் பேச்சைக் கவனிக்கவில்லை. "பாம்பன் பக்கத்துல இருந்து எண்ணு" என்றார் தங்கையிடம். அவள் விரலை நீட்டி ஒவ்வொரு தூணாக உரக்க எண்ணினாள். நாற்பத்தொன்று என்றதும் "அதுதான்" என்று கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், அந்தத் தூணருகே வண்ணம் பூசிக்கொண்டிருந்த ஒருவர் காற்றில் தவறி விழுந்து இறந்திருக்கிறார். ரயில்வே ஆள் அல்லர், ஒப்பந்தக்காரரின் கூலி. தந்தையாருக்கு அண்ணன் முறை வைத்துப் பழகியவர். மறுநாள் ஒப்பந்தக்காரரின் கணக்கர் ஒரு தாளைக் கொண்டுவந்து, சாட்சிக் கையெழுத்து வேண்டும், குடும்பத்துக்குப் பணம் கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறார். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. இவர் கையெழுத்திட்டார். இறந்தவர் அன்று வேலைக்கு அழைக்கப்படவே இல்லை, தாமாகவே பாலத்தில் ஏறினார் என்று அதில் எழுதியிருந்ததாகச் சில மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது. குடும்பத்துக்கு ஒரு காசும் வரவில்லை.

மாதந்தோறும் அவர் யாருக்கோ பணவிடை அனுப்பியதை நாங்கள் அறிவோம். ஏதோ சீட்டுக் கடன் என்று அம்மா சொல்லுவார், நாங்களும் நம்பினோம். வீட்டில் பற்றாக்குறை வந்த நாள்களில் அந்தக் கடனுக்காக அவரை மனத்துக்குள் பழித்ததும் உண்டு.

அந்த அம்மையார் இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மகள் மட்டும் பாம்பனில் இருந்தார். எங்களைவிடச் சற்று மூத்தவர். வாசலில் வலை உலர்ந்துகொண்டிருந்தது. "வாங்க சித்தப்பா" என்று வரவேற்று, திண்ணையில் பாய் விரித்தார். தந்தையார் உட்காரவில்லை. நின்றபடியே, முன்பின் எதுவும் இல்லாமல், அந்தத் தாளைப் பற்றிச் சொன்னார். கணக்கர் சொன்னதை அல்ல, தாம் கையெழுத்திட்டதைத்தான் சொன்னார். நாங்கள் தலை குனிந்து நின்றோம்.

அவர் உள்ளே போனார். அழப் போகிறார் என்று எண்ணினோம். நான்கு தம்ளர்களில் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, நெடுநேரம் கழித்துக் கேட்டார்:

"அதுல எங்க அப்பா பேரு இருந்துச்சா சித்தப்பா?"

"இங்கிலீசு. நான் படிக்கலையே."

"பேரு இருந்திருக்கும்" என்றார் அவர். "எங்க வீட்டுல அவரு பேரு எழுதுன காயிதம் ஒண்ணுகூட இல்ல. அதான் கேட்டேன்."

தந்தையார் அப்போதுதான் பாயில் உட்கார்ந்தார். காப்பியைக் குடித்தார். புறப்படும்போது அந்த அம்மையார் கருவாட்டுப் பொட்டலம் ஒன்றைத் தங்கையின் பையில் திணித்தார். வேண்டாம் என்று சொல்லும் துணிவு எங்களுக்கு இல்லை.

பிற்பகல் வண்டியில் திரும்பினோம். வெளிச்சம் நன்றாக இருந்தது. புதிய பாலத்தில் ஏறியதும் சன்னலுக்கு வெளியே பழைய தூண்கள் ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போயின. தங்கை மெல்ல எண்ணத் தொடங்கினாள். பழைய பாலத்தைப் பிரித்துவிட்டால் அவருக்கு வருத்தமாக இருக்குமா என்று மூத்தவர் கேட்டார்.

"பிரிக்கட்டும்" என்றார் தந்தையார். "எத்தன நாளைக்குத்தான் சுரண்டுறது."

நாற்பத்தொன்றை எண்ணியபோது அவர் எதிர்ப்பக்கச் சன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.