ராமேஸ்வரத்தில் ஒரு ஜெராக்ஸ்

போட் மெயிலில் வந்து ராமேஸ்வரத்தில் இறங்குகிறவர்களுக்கு விடிகாலையில் இரண்டே அவசரம்தான். ஒன்று பாத்ரூம், இன்னொன்று காபி. இது லாட்ஜ்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில் அவர்கள் எதைக் கேட்டாலும் மறுபேச்சில்லாமல் எடுத்து நீட்டிவிடுவோம்.

"ஆதார் ஜெராக்ஸ் இருக்கா சார்? இல்லன்னா எல்லாருதையும் வாட்ஸ்அப்ல போட்டு விடுங்க" என்று மேசைக்குப் பின்னால் நின்ற தம்பி ஒரு நம்பரைச் சொன்னான். அது லாட்ஜ் நம்பரா என்று கேட்டேன். "என் நம்பர்தான் சார், எல்லாரும் இதுக்குத்தான் அனுப்புவாங்க" என்றான். நல்ல பையன்தான். ஆனால் அடுத்த மாதம் அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போனால், வந்து தங்கியவர்களின் ஆதார்களும் அவன் போனோடு திருப்பூர் போய்விடும்.

மேசை மூலையில் ஒரு கம்பியில் பழைய நகல்களைக் குத்தி வைத்திருந்தார்கள். மேலே இருந்தது யாரோ ஒரு பெரியவருடையது. பெயர், கதவு எண்ணோடு முகவரி, பிறந்த தேதி, 12 இலக்கம் எல்லாவற்றையும் நின்ற இடத்திலிருந்தே படிக்க முடிந்தது. கம்பி அவர் நெற்றிக்கு நடுவில் இறங்கியிருந்தது.

என்னோடு வந்திருந்த சித்தி ராத்திரி முழுக்க மணிபர்ஸைத் தலைக்கு அடியில் வைத்துப் படுத்திருந்தவர். அதில் எண்ணூறு ரூபாய் இருந்தாலே அதிகம். அதே சித்தி ஆதார் அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, "நீ பாத்துக்கோடா" என்று காபி குடிக்கக் கிளம்பிவிட்டார். பயணத்தில் நம் பயமெல்லாம் பிக்பாக்கெட்டைப் பற்றித்தான். 2018-ல் பெரிய ஸ்டேஷன்களில் நிறுத்தும்வரை, நம் பெயரையும் வயதையும் அச்சடித்து ரயில் பெட்டியின் கதவோரம் ஒட்டிவைத்தார்கள். அதை நாமே தேடிப் பார்த்துச் சந்தோஷப்பட்டோமே தவிர, வேறு யார் படிக்கிறார்கள் என்று யோசிக்கவில்லை.

நகல் ஒன்று கிடைத்த மாத்திரத்தில் பேங்க் கணக்கைத் துடைத்துவிட முடியாது. மிரட்டிக்கொண்டு திரிகிறவர்கள் சொல்வதில் பாதி மிகை. ஆனால் உங்கள் பெயரில் சிம் வாங்கவோ, கடன் ஆப்பில் கணக்குத் தொடங்கவோ முயல்கிறவனுக்கு அந்தக் காகிதம் முதல் படி. போனில் பேசி ஏமாற்றுகிறவன் உங்கள் அப்பா பெயரையும் தெருவையும் சரியாகச் சொன்னால், நம்பாமல் என்ன செய்வீர்கள்?

நான் என் மாஸ்க்டு ஆதார் பிரிண்டை எடுத்துக் கொடுத்தேன். ஆதார் இணையதளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். முதல் எட்டு இலக்கம் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும். தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டான்.

"நம்பர் முழுசா இல்லையே சார். போலீஸ் வந்து கேட்டா நாங்க என்ன சொல்றது?"

"தங்கினது யாருன்னுதானே அண்ணே கேப்பாங்க? போட்டோ இருக்கு, பேர் இருக்கு, அட்ரஸ் இருக்கு. போன் நம்பர் நோட்டுல எழுதித் தரேன்."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஓட்டல்கள் நகல் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது, மாஸ்க்டு ஆதாரே கொடுங்கள் என்று அறிவித்தது. இரண்டே நாளில், தப்பாகப் புரிந்துகொள்வார்கள் என்று சொல்லி அந்த அறிவிப்பை வாபஸ் வாங்கிவிட்டார்கள். மேலிடமே இப்படிக் குழம்பினால் லாட்ஜ் மேனேஜர் எந்தப் பக்கம் நிற்பார்? கொஞ்சம் யோசித்துவிட்டு வாங்கிக்கொண்டார். சித்திக்கு மாஸ்க்டு பிரதி இல்லை. அவருடைய நகலின் குறுக்கே, 'அறை எடுக்க மட்டும்' என்று எழுதித் தேதி போட்டு, எழுத்து படத்தின்மேல் ஏறும்படி கையெழுத்து வாங்கினேன். "கோர்ட்டுல கூட இவ்வளவு கேக்க மாட்டாங்க" என்றார் சித்தி.

லாட்ஜைவிடச் சிக்கலான இடம் கோவில். அக்னி தீர்த்தத்தில் முழுகிவிட்டு, சொட்டச் சொட்ட உள்ளே போய் 22 தீர்த்தத்திலும் வாளி வாளியாகத் தலையில் வாங்கிக்கொள்ள வேண்டும். கோவில்களுக்குள் செல்போன் கூடாதென்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவும் போட்டுவிட்டது. ஆக, போன் அத்தனை நேரம் யாரோ ஒருவர் பொறுப்பில்.

திரை பூட்டியிருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி அங்கே வரும். இதற்குத்தான் சிம் லாக். செட்டிங்ஸில் போட்டுக்கொண்டால், சிம் எந்த போனுக்குப் போனாலும் பின் நம்பர் கேட்கும். கம்பெனி ஏற்கெனவே வைத்திருக்கும் பின்னைத் தெரிந்துகொண்ட பிறகுதான் கை வைக்கவேண்டும். மூன்று தடவை தப்பாகப் போட்டால் பியூகே நம்பர் கேட்டு மக்கர் பண்ணும். பூட்டிய திரையில் மெசேஜ் தெரியாமல் மறைப்பதும் அங்கேயேதான். இவ்வளவும் செய்யாமல், ரயில் பெட்டியில் சார்ஜ் போட்டால் தகவல் திருடிவிடுவான் என்று நடுங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

மத்தியானம் வெயிலில் வெளியே போக முடியவில்லை. சித்தியின் போனில் சஞ்சார் சாத்தி தளத்தைத் திறந்தேன். நம் பெயரில் எத்தனை செல்போன் இணைப்பு இருக்கிறது என்று அது காட்டும். நம்முடையது இல்லாததை அங்கேயே புகார் செய்யலாம். ஒரு நம்பரைப் பார்த்துவிட்டு, "இது யாருதுன்னே தெரியலையே" என்று பதறினார். புகார் பட்டனை அழுத்தப் போகும்போது கையைப் பிடித்துக்கொண்டார். "இருடா இருடா, மாப்பிள்ளைக்கு வாங்கிக் குடுத்தது."

ஆதார் தளத்தில் கைரேகையைப் பூட்டுகிற வசதியையும் காட்டினேன். கைரேகை நகலை வைத்து ஆதார் வழியாகப் பணம் எடுத்த மோசடிகள் நாட்டில் நடந்திருக்கின்றன. பூட்டிவிட்டால் அந்த வழி அடைபடும். பணமே போய்விட்டால் 1930-க்கு உடனே அடிக்க வேண்டும் என்றும் சொன்னேன். சித்தி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு கேட்டார்:

"கைரேகையப் பூட்டிட்டா ரேஷன் கடை மெஷின்ல எப்படிடா வைக்கிறது?"

"வேணுங்கறப்ப கொஞ்ச நேரம் திறந்துக்கலாம் சித்தி."

"யாரு, நானா? நீ மெட்ராஸ்ல இருப்பே, நான் வரிசையில நிப்பேன். ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் பூட்டி வை. திங்கக்கிழமை காலையில கடை திறக்கறதுக்குள்ள நீயே திறந்து விட்டுடு. இந்த மாசம் பாமாயில் இன்னும் வாங்கலே."